எஃகுக் கூட்டுத் தோட்டா: பிஸ்டலில் ஓடியது, ரிவால்வரில் சிக்கியது – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவிரி டெல்டாவின் நகரம் ஒன்றில் இயங்கும் துப்பாக்கிச் சுடும் சங்கத்தில், 2024 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் காயம் படுவதற்கு வேண்டிய அத்தனையும் அன்று ஒரே மேசையில் கூடியிருந்தன. நான் அந்தச் சங்கத்தின் ஆயுத அறைப் பொறுப்பாளன்; ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். சிக்கலைக் கொண்டுவந்த தோட்டாப் பெட்டிகளை வாங்கச் சொல்லிக் கையெழுத்திட்டவனும் நான்தான். அதனால் இதை எழுதும் கடமை எனக்கே உண்டு.

எங்கள் 25 மீட்டர் தளத்தில் பெரும்பாலும் .22 தோட்டாதான் (எண் குழலின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பது) சுடுகிறோம். நம் நாட்டில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம். .32 அனுமதிக்கப்பட்டது என்றாலும், .32 பிஸ்டலுக்கும் .32 ரிவால்வருக்கும் தோட்டா வேறு வேறு. ஒன்றுக்குரியதை மற்றதில் போடக் கூடாது. .22 மட்டும் அப்படி இல்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த தோட்டாவை, சுட்டதும் தானே காலிக் கூட்டை எறிந்து அடுத்ததை ஏற்றும் அரைத் தானியங்கி பிஸ்டலிலும் சுடலாம், சுழலும் சிலிண்டரில் தோட்டாக்களை வைக்கும் ரிவால்வரிலும் சுடலாம். ஒரே தோட்டா இரண்டு இயந்திரங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு வாய்த்தது இதனால்தான்.

வழக்கமாக வாங்கும் பித்தளைக் கூட்டுத் தோட்டா (மருந்தையும் குண்டையும் தாங்கும் உலோக உறைதான் கூடு) அந்தப் பருவத்தில் கிடைக்கவில்லை. உரிமம் பெற்ற விற்பனையாளர், எஃகுக் கூட்டின்மேல் அரக்குப் பூச்சு கொடுத்த ஒரு வகை இருக்கிறது என்றார். விலையும் குறைவு. மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியை நிறுத்த மனம் வரவில்லை. வாங்கினோம். வாங்கிய அன்று ஒரே ஒரு பிஸ்டலில் இரண்டு மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) சுட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது. ரிவால்வரில் சுட்டுப் பார்க்கவில்லை. "ரிவால்வர் எதைப் போட்டாலும் தின்னும்" என்று சங்கத்தில் எல்லோரும் சொல்வோம். நானும் பல ஆண்டுகளாக அதையே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன்.

அந்த ரிவால்வர்

உறுப்பினர்களில் ஒருவர் திருவாரூர்ப் பக்கத்து விவசாயி, அறுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் இருப்பது அவருடைய அப்பா காலத்து .22 ரிவால்வர், சிலிண்டரில் தோட்டா வைக்கும் ஆறு அறை கொண்டது. அப்பாவுக்குப் பிறகு முறைப்படி தன் பெயரில் உரிமம் வாங்கி வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து சுடுவார்.

2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அவரும் ஒப்படைத்தார். ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு முடிந்து, ஜூன் 4-இல் எண்ணி முடித்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது. ஏறத்தாழ மூன்று மாதம் அது தோல் உறைக்குள்ளேயே இருந்தது. அப்படி உறையோடு கொடுத்தவர் அவர்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் கொடுத்தார். தோல் ஈரத்தை இழுக்கும். பதனிட்ட தோலில் இருக்கும் ரசாயனமும் இரும்போடு சேராது. திரும்ப வாங்கியவர் வெளிப்புறத்தைத் துடைத்து எண்ணெய் போட்டார். சிலிண்டரின் ஆறு அறைகளுக்குள் விளக்கு அடித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. குறுவை வேலையில் நான்கு மாதம் தளத்துக்கும் வரவில்லை. இத்தனையும் எங்களுக்குத் தெரியவந்தது பிற்பாடுதான்.

முதல் மூன்று வாரங்களில் பார்த்தவை

எஃகுத் தோட்டா வந்த பிறகு மூன்று வாரம் பிஸ்டலில் மட்டும்தான் அதைச் சுட்டோம். எங்கள் வழக்கப்படி சுட்ட தோட்டாவுக்குக் காலிக் கூடு எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணுகிற பிள்ளை ஒருநாள், "ஐயா, இந்தக் கூடெல்லாம் காந்தத்தில் ஒட்டுகிறது" என்று மேசை இழுப்பறைக் காந்தத்தில் ஒரு கொத்தாகத் தூக்கிக் காட்டினான். கூடுகளின் ஒரு பக்கம் வாயிலிருந்து பாதி நீளம் வரை கரி படிந்திருந்தது. பித்தளைக் கூட்டில் அந்தக் கரி வாயோரம் மட்டும் மெல்லிய வளையமாக இருக்கும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டா வெடிக்கும்போது கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். பித்தளை எளிதில் விரியும். எஃகு அவ்வளவு எளிதில் விரியாது. .22 தோட்டாவின் உச்ச அழுத்தமே சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, 9 மி.மீ. தோட்டாவில் அது 35,000. அழுத்தம் குறையக் குறைய எஃகுக் கூடு இன்னும் அரைகுறையாகத்தான் அடைக்கும். அடைபடாத வாயு கூட்டுக்கும் அறைச் சுவருக்கும் நடுவே பின்னோக்கி வந்து கரியை அப்பிவிட்டுப் போகும்.

இருந்தும் பிஸ்டல்கள் ஓடின. ஒன்றிரண்டு முறை ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) முழுதாகப் பின்வாங்காமல் காலிக் கூட்டைக் கடித்துக்கொண்டு நின்றது; துடைத்ததும் சரியானது. கரியைப் பார்த்தபோதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். பிஸ்டல் ஓடுகிறதே என்ற நிம்மதியில் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிறு

முந்தின இரவு முழுக்க மழை. தளத்தின் தகரக் கூரையிலிருந்து காலை பத்து மணிக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. விவசாயி நான்கு மாதத்துக்குப் பிறகு ரிவால்வரோடு வந்தார். சங்கத்தின் எஃகுத் தோட்டாவில் ஒரு பெட்டி கொடுத்தோம்.

முதல் ஆறு சுட்டார். காலிக் கூடுகளைத் தள்ளும் எஜெக்டர் தண்டை அழுத்தியதும் கூடுகள் வெளியே வந்தன. கொஞ்சம் இறுக்கம் என்றார். இரண்டாவது ஆறுக்கு உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருந்தது. மூன்றாவது ஆறில் ஒன்று வெடிக்கவில்லை. நான்காவதிலும் ஒன்று வெடிக்கவில்லை. சிலிண்டரைத் திறந்து தண்டை அழுத்தினார், அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். தண்டு லேசாக வளைந்ததுதான் மிச்சம்.

அப்போது நான் பிஸ்டல் வரிசையில் இருந்தேன். பக்கத்து மேடையில் சுட்டுக்கொண்டிருந்த கல்லூரி மாணவர், "பெரியப்பா, கொடுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்" என்று வாங்கி, ரிவால்வரை மேசைமேல் படுக்கவைத்தார். ஓரத்தில் கிடந்த சின்னத் திருப்புளியைத் தோட்டாவின் விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பப் போனார். நல்ல பிள்ளை, பெரியவருக்கு உதவத்தான் போனார். குழலின் வாய் பக்கத்துச் சுவரைப் பார்த்திருந்தது. திறந்த சிலிண்டர் அவருடைய முகத்துக்கு ஒரு முழ தூரத்தில்.

.22 தோட்டாவின் பற்றுமருந்து நடுவில் தனிக் குமிழாக இருப்பதில்லை. விளிம்பின் மடிப்புக்குள்ளேயே சுற்றிலும் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்கித்தான் ஃபயரிங் பின் என்ற அடிக்கும் ஊசி வெடிக்க வைக்கிறது. ஆறில் ஐந்து காலி, ஒன்று வெடிக்காமல் முழுதாக இருக்கிறது. எது எதென்று பார்க்காமல் திருப்புளியை விளிம்பில் கொடுத்தால், அது அந்த ஆறாவதாக இருக்க வாய்ப்புண்டு. சிலிண்டர் திறந்திருக்கும்போது பின்னால் தாங்க எதுவும் இல்லை. வெடித்தால் கூடு கிழிந்து துண்டுகளாகப் பின்னோக்கி, கைக்கும் கண்ணுக்கும்தான் வரும்.

திருப்புளி மேசையில் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். "கையை எடு தம்பி" என்று கத்தினேன். எடுத்துவிட்டார்.

அப்போது எடுத்த முடிவுகள்

முதலில் தளம் முழுவதும் சுடுவதை நிறுத்தினேன். எல்லோரையும் கோட்டுக்குப் பின்னால் அனுப்பினேன். ரிவால்வரைத் திறந்த நிலையிலேயே, குழல் குறிகளுக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேட்டைப் பார்க்குமாறு வைத்தேன். வெடிக்காத தோட்டாவுக்கு எங்கள் விதி முப்பது வினாடிக் காத்திருப்பு. அதைவிட அதிக நேரம் அதற்குள் ஆகியிருந்தது. இருந்தாலும் மீண்டும் காத்திருந்தேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம்.

பிறகு, சிலிண்டரின் முன்பக்கத்தை மட்டும் பக்கவாட்டிலிருந்து சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து அறைகள் கறுப்புத் துளைகளாக இருந்தன. ஒன்றில் ஈயக் குண்டின் மூக்கு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அந்த அறைக்குச் சிவப்பு மையில் புள்ளி வைத்தேன்.

முதலில் எடுக்க வேண்டியது காலிக் கூடுகளையா, முழுத் தோட்டாவையா என்பதுதான் கேள்வி. முழுத் தோட்டாவை முதலில் எடுத்துவிட வேண்டும் என்றுதான் மனம் அவசரப்படும். ஆனால் தண்டோடு சேர்ந்த நட்சத்திர வடிவத் தகடான எஜெக்டர் நட்சத்திரம் ஆறையும் சேர்த்தே தூக்கும். ஐந்து இறுகியிருக்கும்போது ஆறாவதும் வராது. அதைத் தனியாக முன்பக்கத்திலிருந்து தள்ளுவதும் நெம்புவதும் கூடவே கூடாது. எனவே காலிகளை ஒவ்வொன்றாக முன்பக்கத்திலிருந்து மெல்லிய மூங்கில் குச்சியால் தள்ளுவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு காலி அறையிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தேன். கண்ணாடி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு தள்ளினேன். மூன்று கூடுகள் குச்சியால் வந்தன. இரண்டுக்குக் குச்சி முறிந்தது. பித்தளைக் கம்பியை வைத்து மரக்கட்டையால் தட்ட வேண்டி வந்தது.

ஐந்தும் போன பிறகு தண்டை ஒரே விரலால் தொட்டேன். முழுத் தோட்டா தானாக எழுந்து வந்தது. வெடிக்காத கூடு விரியவே இல்லை. அதனால் அதற்கு எந்த இறுக்கமும் இல்லை. அதன் விளிம்பில் ஃபயரிங் பின் பட்ட தடம், நகத்தால் கீறியதுபோல மேலோட்டமாக இருந்தது.

காரணம் தேடியது

அடுத்த இரண்டு வாரம் மழையால் தளம் மூடியிருந்தது. ஆயுத அறையில் உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தது.

சிலிண்டர் அறைகளைச் சுரண்டி வெள்ளைத் துணியில் துடைத்தேன். அரக்கு உருகி ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்று பலர் சொன்னார்கள். துணியில் வந்தது அரக்கு அல்ல. மாவுபோன்ற கறுப்புக் கரியும் செம்பழுப்புத் துருவும்தான். துடைத்த பின் விளக்கு அடித்தபோது, தட்டி எடுக்க வேண்டியிருந்த அந்த இரண்டு அறைகளிலும் அம்மைத் தழும்புபோலத் துருக் குழிகள் தெரிந்தன. தோல் உறைக்குள் மூன்று மாதம் இருந்ததன் விளைவு அது.

ஆனால் துரு மட்டும் காரணமாக இருந்தால் காலிக் கூடு இருந்த மற்ற மூன்று அறைகள் ஏன் இறுகின? தை மாதம் தளம் காய்ந்ததும், விவசாயியின் சம்மதத்தோடு, அறைகளை நன்றாகத் துடைத்து அதே ரிவால்வரில் ஒப்பிட்டுப் பார்த்தோம். வேறொரு சங்கத்திலிருந்து முறைப்படி பெற்ற பித்தளைத் தோட்டாவை ஆறாறாகச் சுட்டோம். குழி விழுந்த இரண்டு அறைகளில் லேசான இறுக்கம்; மற்றவை சிலிண்டரைச் சாய்த்ததும் உதிர்ந்தன. மறுபடி துடைத்து எஃகைச் சுட்டோம். முதல் ஆறிலேயே வித்தியாசம் கட்டைவிரலுக்குத் தெரிந்தது. மூன்றாவது ஆறில் நல்ல அறைகளும் பிடித்துக்கொண்டன. அதே பெட்டியின் தோட்டாவைப் பிஸ்டலில் அன்று மாலை வரை சுட்டோம். ஒரு தடங்கலும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. எளிய பிஸ்டலில் கூட்டை வெளியே எடுப்பது அதன் விளிம்பைப் பிடித்திழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியைவிட வாயுவின் அழுத்தம்தான். வெடித்த கணத்தில் கூடே உந்துதண்டாக மாறி ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. அறைச் சுவரில் கூடு அமர்வதற்கு முன்பே அது நகர்ந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரே கூடு. அதற்குப் பின்னால் முழு ஸ்லைடின் வேகம். ரிவால்வரில் அப்படி இல்லை. முதல் கூடு வெடித்து, மற்ற ஐந்தும் சுட்டு முடியும்வரை அது அறைக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் போய்விட்டது, கூடு ஆறிவிட்டது, கரி படிந்துவிட்டது. அதன் பிறகு ஆறையும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனின் கட்டைவிரல் இழுக்க வேண்டும். கூடு தானாகச் சுருங்கி சுவரை விட்டு விலகியிருந்தால்தான் அது நடக்கும்.

எஃகு அப்படிச் சுருங்குவதில்லை. இதை நான் புத்தகக் கணக்காகத்தான் அறிந்திருந்தேன். கையில் காட்டியவர் கும்பகோணத்துப் பக்கம் பித்தளைப் பாத்திரம் தட்டும் ஒரு பெரியவர். இரண்டு கூடுகளையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒன்றும் பேசாமல் ஒரே கனத்தில் ஒரு பித்தளைத் தகட்டையும் ஒரு இரும்புத் தகட்டையும் எடுத்தார். தொடைமேல் வைத்து இரண்டையும் ஒரே அளவு வளைத்துவிட்டார். பித்தளை டிங்கென்று கிட்டத்தட்ட நேராகத் திரும்பியது. இரும்பு பாதி வளைவிலேயே நின்றது. "தட்டித் தட்டி இறுகிய பித்தளை தம்பி இது. அதனால் திரும்பும். இதையே நெருப்பில் காய்ச்சினால் இதுவும் திரும்பாது" என்றார். தோட்டாக் கூட்டுக்குச் செம்பு எழுபது பங்கும் துத்தநாகம் முப்பது பங்கும் சேர்த்த பித்தளையைக் குளிர்நிலையில் இழுத்து இறுக்கி உருவாக்குவது இந்த மீள்வுக்காகத்தான்.

எஃகுக் கூடு கெட்ட சரக்கு என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் செம்பு தட்டுப்பட்டபோது ஜெர்மனி எஃகுக்கு மாறியது. அமெரிக்காவில் எவன்ஸ்வில் நகரத்து ஆலை .45 பிஸ்டல் தோட்டாவை எஃகுக் கூட்டில் பெருமளவில் செய்தது. கலாஷ்னிகோவ் துப்பாக்கியின் 7.62×39 தோட்டா பெரும்பாலும் எஃகுதான். ஆனால் அந்தத் தோட்டாவின் கூடு கூம்பிய வடிவம். இம்மியளவு பின்னால் நகர்ந்தாலே சுவரை விட்டு முழுதாக விலகிவிடும். ரிவால்வர்த் தோட்டாக்களும் .22-உம் நேர்க்குழாய். வெளியே வரும் கடைசி நூலளவு வரை சுவரை உரசியபடியேதான் வரும்.

வெடிக்காமல் போனதற்குக் காரணம் வேறு. எஃகு விளிம்பு பித்தளையைவிடக் கடினம். நசுங்க அதிக அடி வேண்டும். எங்கள் பிஸ்டல்களின் அடி அதற்குப் போதுமானது. ரிவால்வரோ பழையது, அடிக்கும் சுத்தியலான ஹேமரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. விவசாயி ஹேமரை முன்கூட்டி இழுக்காமல் விசையை மட்டும் நீளமாக இழுத்துச் சுடுபவர். அந்த ரிவால்வரில் அப்படிச் சுடும்போது ஹேமர் குறைந்த தூரமே பின்வாங்குகிறது. ஒருமுறை வெடிக்காத தோட்டாவைச் சிலிண்டரைச் சுற்றி மறுபடி அடிப்பதாலும் பயன் இல்லை. ஃபயரிங் பின் அதே தடத்தில்தான் விழும்.

நாங்கள் சொல்லிவந்த அந்த வாக்கியத்தில் பாதி சரி. சுடும் வேலையில் ரிவால்வர் பொறுமையானது. ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வரும். தோட்டாவின் பலம் குறைந்தாலும் இயந்திரம் நிற்காது. பிஸ்டல் அப்படிப்பட்ட தோட்டாவில் நின்றுவிடும். ஆனால் காலி செய்யும் வேலையில் நிலைமை தலைகீழ். அங்கே தோட்டாக் கூட்டின் தரத்தை அப்படியே நம்பியிருப்பது ரிவால்வர்தான்.

அதன் பிறகு

ரிவால்வர் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போனது. அறைகளை மெருகேற்றினார், தண்டை மாற்றினார், ஹேமர் ஸ்பிரிங்கையும் மாற்றினார். குழிகளை முழுதாக எடுக்கவில்லை. எடுத்தால் அறை அகன்றுவிடும் என்றார். அவர் செய்தது சரி. விவசாயி செலவைத் தானே ஏற்றார். சங்கம் பாதியாவது தர வேண்டும் என்று நான் கேட்டேன். "உறையோடு கொடுத்தது நான்தானே" என்று மறுத்துவிட்டார்.

மிச்சம் இருந்த எஃகுத் தோட்டாவை ஒரே ஒரு பிஸ்டலுக்கு ஒதுக்கினோம். ஐம்பது தோட்டாவுக்கு ஒருமுறை அறையைத் துடைத்தோம். கடைசிப் பெட்டி தீர்ந்தபோது எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தேன், லேசாக மழுங்கியிருந்தது. முன்பே எப்படி இருந்தது என்று படம் எடுத்து வைக்காததால் இதற்கு எஃகுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பெட்டிகளையும் ஈரம் விடவில்லை. அலமாரிக்குள் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு ஈரத்தைப் போக்குவது எங்கள் வழக்கம். மழையில் மின்சாரம் இரண்டு நாள் போனபோது பல்பும் அணைந்தது. பித்தளைத் தோட்டாவாக இருந்தால் களிம்புகூட ஏறியிருக்காது. பூச்சு கீறியிருந்த சில எஃகுக் கூடுகளில் நூல்போலத் துருக்கோடு ஓடியிருந்தது. அவற்றைத் தனியாக எடுத்து, பதிவேட்டில் எழுதி, அழிப்பதற்கு முறைப்படி ஒப்படைத்தோம்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

புதிய வகைத் தோட்டா எது வந்தாலும், அதைச் சுடப்போகும் ஒவ்வொரு வகைத் துப்பாக்கியிலும் சுட்டுப் பார்த்த பிறகே கொடுக்கிறோம். ரிவால்வருக்கு ஒரு ஆறு போதாது. முதல் ஆறு எப்போதும் நன்றாகத்தான் வரும். துடைக்காமல் குறைந்தது ஐந்து சுற்றாவது சுட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையை நான் வாங்கிய அன்றே செய்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

சுடும் மேடைகளிலிருந்து திருப்புளி, ஆணி, கத்தி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். சிக்கினால் உறுப்பினர் செய்ய வேண்டியது ஒன்றே: குழலை மண்மேட்டுப் பக்கம் வைத்துவிட்டுக் கையை உயர்த்துவது. தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கும் உறுப்பினர்களுக்கு, தோல் உறையைக் கழற்றி, அறைக்குள்ளும் குழலுக்குள்ளும் எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுக்கும்படி ஒரு பக்கத் தாள் அடித்துத் தருகிறோம். திரும்ப வாங்கியதும் முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் சுட வேண்டும்.

அந்த மாணவர் இப்போது ஞாயிறுகளில் காலிக் கூடு எண்ணும் பொறுப்பில் இருக்கிறார். விவசாயி மாசியில் ரிவால்வரோடு வந்தார், இந்த முறை எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது. பித்தளைத் தோட்டா ஆறு சுட்டுச் சிலிண்டரைச் சாய்த்தார். நான்கு கூடுகள் தாமாகத் தட்டில் விழுந்தன. குழி விழுந்த அறைகளின் இரண்டுக்கு மட்டும் தண்டை விரலால் தொட வேண்டியிருந்தது.